பூமுடி போதாது

“பூமுடி குடுத்தா போதும்டி. மூணு கத்தரி முடி. முருகன் இன்னா எண்ணியா பாக்கப் போறாரு?”

திருத்தணி மலைமேல் முடி இறக்கும் மண்டபத்தின் வாசலில் நின்று மகளிடம் கெஞ்சினாள் மனோரமா.

“முழுசா எடுக்கறேன்னு வேண்டிக்கினேம்மா. முழுசாத்தான் எடுக்கணும்” என்றாள் ஷோபனா.

“பஸ்ட்டு வந்தா பூமுடின்னு வேண்டிக்கினு இருந்தா ஆவாதா? அடுத்த மாசம் நகரியிலருந்து உன்ன கட்டிக்கப் போற பாவா வூட்டுல பூ வைக்க வர்றாங்க. மொட்டைத் தலையில எங்கடி வைப்பாங்க, காதுலயா?”

ஷோபனா சீட்டு வாங்கப் போய்விட்டாள்.

அவள் படித்த சின்னக் கல்லூரியில் வரலாறு மூன்றாம் வருடத்தில் மொத்தமே பதினெட்டுப் பேர். முதல் இடத்துக்கு ரெண்டே பேர்தான். ஒரு செமஸ்டர் ஷோபனா என்றால் அடுத்த செமஸ்டர் பிரியங்கா. படிப்பு முடியும்போது முதலில் வருகிறவர் பெயரைத் துறை வாசலில் தொங்கும் பலகையில் மஞ்சள் பெயிண்டில் எழுதுவார்கள். எழுதினால் எழுதினதுதான், அழிக்க மாட்டார்கள். அந்தப் பலகையில் பிரியங்கா பெயர் ஏறிவிடுமோ என்பதே மூன்று வருடமாக ஷோபனாவுக்குக் கவலை. படித்தவர்கள் இதற்குப் போட்டி என்று பெயர் வைத்துக்கொள்வார்கள். வயிற்றெரிச்சல் என்பதுதான் சரியான பெயர்.

பிரியங்கா புதுச் செருப்பு போட்டு வந்தால் எரியும். செமினாரில் அவளுக்குக் கை தட்டினால் எரியும். இடுப்புக்குக் கீழே ஆடும் அவள் சடையைப் பார்த்தால் மதியச் சோறு இறங்காது.

ஒருமுறை பிரியங்கா, “பல்லவர் நோட்டை ஒரு நாள் குடுடி” என்று வந்து கேட்டாள். அவள் கண்ணெதிரேயே அந்த நோட்டைக் கடைசி பெஞ்சு அருண்பாண்டியனிடம் தூக்கிக் கொடுத்தாள் ஷோபனா. மறுநாள் பிரியங்காவும் சும்மா இருக்கவில்லை. முகலாயர் நோட்டை ஷோபனாவுக்குக் காட்டி ஆட்டிவிட்டு அவனிடமே கொடுத்தாள். அன்றிலிருந்து ரெண்டு பேர் நோட்டும் அவனிடம்தான் போய் வந்தன. தினமும் ரயிலைத் தவறவிட்டு அரக்கோணத்திலிருந்து ரெண்டாவது பீரியடுக்கு வந்து சேரும் அவனைப் பார்த்து யாருக்கு எரியும்?

இன்று காலை ரிசல்ட். அவரவர் மார்க் அவரவர் போனில் வந்துவிட்டது. யார் முதல் என்பது துறைத்தலைவர் பரந்தாமன் சாருக்குத்தான் தெரியும். ஷோபனா அவருக்குப் போன் போட்டாள்.

“சார், பிரியங்காவா பஸ்ட்டு?”

“இல்லம்மா, அவ...”

அது போதும். போனை வைத்தாள். அவள் இல்லையென்றால் வேறு யார்? உடனே அம்மாவை இழுத்துக்கொண்டு மலையேறிவிட்டாள்.

முடி இறக்குகிறவர் தலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஒருமுறை நிறுத்தினார். “நெஜமாவே முழுசாம்மா?”

“ஆங், எடுங்க.”

முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. ஷோபனா குனிந்து பார்க்கவில்லை. அவள் கண்ணில் மஞ்சள் பெயிண்ட்தான் இருந்தது.

குளித்துவிட்டு, மண்டபத்துக்கு வெளியே தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் சந்தனம் பூசிக்கொண்டிருந்த இன்னொரு மொட்டை திரும்பியது.

“ஷோபனா?”

“பிரியங்கா!”

அந்தச் சடை போயே போய்விட்டது. மூன்று வருடத்தில் முதன்முறையாக ஷோபனாவுக்கு அவள்மேல் இரக்கம் வந்தது. தோற்ற துக்கத்தில் இப்படிச் செய்துகொண்டாளே, பாவம்.

“மனசு விட்டுடாதடி. செகண்டும் நல்ல மார்க்குதான்.”

“அதைத்தான்டி நான் உனுக்குச் சொல்லலாம்னு இருந்தேன்.”

“எனக்கு எதுக்கு? நீ பஸ்ட்டு இல்லன்னு பரந்தாமன் சாரே சொன்னாரு.”

“நீ இல்லன்னு எங்கிட்ட சொன்னாரு!”

“பொய் சொல்லாத.”

“முருகன் வாசல்ல நின்னுகினு பொய் சொல்வனா? நீ சொல்லுவ.”

“ஐயய்ய, மொட்டை அடிச்சும் அடங்கலியா உங்க ரெண்டு பேருக்கும்? போனைப் போட்டு அவரையே கேளுங்கடி” என்று அதட்டினாள் மனோரமா.

ஸ்பீக்கரில் பரந்தாமன் சார் சிரித்தார்.

“என்ன பொண்ணுங்கம்மா நீங்க! காலையில ஒருத்தி போன் பண்ணி ‘அவளா பஸ்ட்டு’ன்னு கேட்டா, வெச்சிட்டா. அஞ்சு நிமிஷத்துல இன்னொருத்தி, அதே கேள்வி, அவளும் வெச்சிட்டா. யார் பஸ்ட்டுன்னு கேக்கத்தான் ஆளில்ல. அருண்பாண்டியன்மா! உங்க ரெண்டு பேர் நோட்டையும் சேத்து வெச்சிப் படிச்சானாம். எல்லாருக்கும் சாக்லெட் குடுத்துட்டு இருக்கான். இப்பத்தான் பலகையைக் கழட்டி பெயிண்டர்கிட்ட அனுப்பினேன்.”

போன் அடங்கியது. மனோரமாதான் கேட்டாள்.

“ஏன்டி, பஸ்ட்டு வந்தா மொட்டைன்னுதான வேண்டிக்கின? நீ வரல, அவளும் வரல. அப்புறம் ரெண்டு பேரும் எதுக்குடி மொட்டை?”

ஷோபனா பிரியங்காவைப் பார்த்தாள். பிரியங்கா தரையைப் பார்த்தாள். முருகனைக் குறை சொல்ல வழியில்லை. ‘அவ பஸ்ட்டு வரக் கூடாது’ என்று ரெண்டு பேரும் தனித்தனியாக வந்து வேண்டிக்கொண்டதை, ரெண்டு பேருக்குமே அப்படியே நடத்திக் கொடுத்திருந்தார்.