மர்செலினின் காளான் காடு

மர்செலின் காளான் பறிக்கும் இடத்தைப் பெற்ற மகளுக்கே சொன்னதில்லை. பெரிய வள்ளல், நாற்பது வருடமாக எனக்கு வருடம் ஒரு கூடை கொடுப்பான், பதிலுக்கு இரண்டு புட்டி ஒயின் வாங்கிக்கொள்வான். சாகக் கிடந்தபோது பாதிரியாரிடம் எல்லாப் பாவத்தையும் சொன்னான். இடத்தை மட்டும் சொல்லவில்லை.

"என்கிட்டயாவது சொல்லித் தொலைடா!"

"என் வீட்டுக்குப் பின்னாடி ஓடையைத் தாண்டி மேடேறு. அறுந்த கம்பிவேலிக்குள்ள மூணு ஓக் மரம் நிக்கும்."

"யாரு காடுடா அது?"

"ஒரு சோம்பேறிப் பயலோடது. எட்டு மணி வரைக்கும் குறட்டை விடுவான். பயப்படாமப் போ."

மறுநாள் அதிசயமாக ஆறு மணிக்கே எழுந்து போனேன். காளான் மண்டிக் கிடந்தது. கூடையை நிரப்பிவிட்டு நிமிர்ந்தேன். மேட்டின் மறுபக்கம், கீழே ஒரு வீடு தெரிந்தது.

வாசலில் கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள் என் பெண்டாட்டி.