முள்ளுக்கு அடியில்

தணிகாசலம் முதன்முதலாக ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்கினார். கூடவே, யாரோ கேட்டுப் பழசாக்கிய இசைத்தட்டு ஒன்றும் வீட்டுக்கு வந்தது. அலமாரியில் இருந்த சிடிக்கு அதைக் கண்டதும் இளக்காரம்.

"என்னிடமும் இதே பாட்டுதான், சுத்தமாக இருக்கிறது. உனக்குள் யாரோ இருமுகிறார்களே!"

"முன்பு என்னை வைத்திருந்தவர்," என்றது இசைத்தட்டு. "பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார். கேட்கக் கேட்க உள்ளே வந்துவிட்டார்."

சிடி சிரித்தது. ஆனால் தணிகாசலமும் பிளேயரை ஒட்டியே உட்கார்ந்து, விரலால் தாளம் தட்டிக் கேட்டார். நாளாக ஆக அவர் பேச்சு குறைந்தது, நிழல் வெளுத்தது. சிடிக்குச் சிரிப்பு நின்றுபோனது. "ஐயா, தள்ளி உட்காருங்கள்!" என்று கத்திப் பார்த்தது. அவர் காதில் விழவில்லை.

ஒரு மத்தியானம் அவர் மனைவி சரளா வந்து பார்த்தபோது அறையில் ஆளில்லை. சுற்றிக்கொண்டிருந்த தட்டுக்குள்ளிருந்து விரல் தாளம் கேட்டது. பயந்துபோய் அதை நிறுத்தினாள். வீடெல்லாம் தேடினாள். மனம் கேட்காமல், அந்தத் தாளம் பாட்டிலேயே இருப்பதுதானா என்று பார்க்கச் சிடியைப் போட்டாள். அது பிசிறில்லாமல் பாடியது. சரளா அழுதுகொண்டே அதை நிறுத்திவிட்டு, மறுபடி தட்டின் மேல் முள்ளை வைத்தாள்.

"என்னங்க..."

"இங்கதான் இருக்கேன். கிட்ட வா, சரளா."