அழுத பிள்ளை

பிள்ளை அழும் சத்தம் கேட்டால்தான் சங்கவிக்குப் பால் சுரக்கும். பால் பற்றாத தாய்மார்களுக்கு மார்பின் தோலுக்கடியில் வைக்கிற நெல்மணி அளவுக் கருவி அப்படித்தான் வேலை செய்தது. சிணுங்கினால் சொட்டும்; வீறிட்டால் பீறிடும்.

குளித்துவிட்டு வந்தவள் அறை வாசலிலேயே நின்றாள். உள்ளே மாமியார் குருவம்மாள் பிள்ளையின் தொடையை இரண்டு விரலால் திருகிக்கொண்டிருந்தாள். பிள்ளை வீறிட்டது. சங்கவியின் நைட்டி நனைந்தது.

“தொடையில செவந்திருந்ததக் கொசுக்கடின்னு சொன்னீங்களே அத்தை.”

“பின்ன என்னத்தச் சொல்ல? அழுத புள்ளதான் பால் குடிக்கும். நான் கிள்ளலைன்னா ஒம் மாருல என்னட்டி இருக்கு?”

சொல்லிக்கொண்டே மறுபடி தொடையைத் தேடினாள்.

சங்கவி பிள்ளையைப் பிடுங்கி இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையால் மாமியாரை அறைந்தாள். குருவம்மாளின் உதடு கிழிந்து ரத்தம் வழிந்தது. அவள் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளையைப் போல ஏங்கி ஏங்கி அழுதாள்.

சங்கவியின் மார்பு கனத்துப் பால் வழிந்தது. யாருடைய அழுகை என்று அந்த நெல்மணிக்குத் தெரியவில்லை. பிள்ளை முதன்முறையாக அழாமல், கண்ணை மூடிக்கொண்டு குடித்தது. அறைந்த கை நடுங்காமல் இருந்ததுதான் சங்கவிக்குப் பயமாக இருந்தது.

மாமியாரின் அழுகை மெல்ல ஓய்ந்தது. பாலும் நின்றது. பிள்ளை வெறும் காம்பை இழுத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அழ வாயைத் திறந்தது.

அது அழுவதற்குள் சங்கவி மாமியாரை நோக்கிக் கையை ஓங்கினாள்.