சாக்கு மூடிய கண்

உச்சி வெயிலில் அந்த மீன்பிடிப் படகு எங்கள் ரோந்துக் கப்பலோடு உரசிக்கொண்டு நிற்கிறது. கொடி எங்கள் இந்தோனேசியக் கொடி; பெயரும் எங்கள் மொழியில்தான், பெயின்ட் வாடைகூட இன்னும் போகவில்லை. தடைசெய்த இழுவலையில் விரல்நீளக் குஞ்சுகள் துள்ளுகின்றன. முகப்பின் இருபுறமும் ஈரச் சாக்கு தொங்குகிறது. "உள்ளூர்ப் படகுதான் சார்," என்று சுக்கான் பிடித்தவன் ஒப்பிக்கிறான். "எங்க ஊர்ல படகுக்கு முக்காடு போடுறதில்லடா," என்று எங்கள் கேப்டன் ஹெர்லம்பாங் துப்பாக்கி வாரை இறுக்குகிறார். கூட்டு ரோந்துக்கு வியட்நாமிலிருந்து வந்திருக்கும் அதிகாரி தியெப், கொக்கிக் கழியால் சாக்கை விலக்குகிறார். பலகையில் வரைந்த நீண்ட வெள்ளைக் கண், கறுப்பு விழி. "வியட்நாம் படகுதான்," என்கிறார் தியெப். "பேரை அழிச்சிருக்கானுங்க. கண்ணை அழிக்க மனசு வரல. கண்ணு போனா படகு வீடு திரும்பாதுன்னு எங்காளுங்க பயம்." "உங்காளுங்களா?" என்று கேப்டன் கேட்கிறார். "எங்க குப்பமே. எங்கப்பா படகுலயும் இதே கண்ணுதான்." சுக்கான்காரன் ஒப்பித்த மொழியை விட்டுவிட்டு, தியெப்பைப் பார்த்துத் தன் மொழியில் கெஞ்சுகிறான். அதில் 'அண்ணே' மட்டும் எனக்குப் புரிகிறது. தியெப் எங்கள் பக்கம் திரும்புகிறார். "கயிறு போடுங்க, இழுத்துட்டுப் போகலாம்," என்று எங்களிடம் சொல்கிறார். பிறகு குனிந்து, சாக்கை அந்தக் கண்ணின்மேல் மறுபடி இழுத்துவிடுகிறார்.