ஈரக் கரண்டி

"இந்த வீட்டுல யாருக்குமே கண்ணு தெரியாதா?"

சமையலறையிலிருந்து அப்பா போட்ட சத்தத்தில், வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மகள் ஒற்றைச் செருப்போடு உள்ளே ஓடினாள். அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஊரிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

அப்பாவின் கையில் எலுமிச்சை ஊறுகாய் ஜாடி. மேலாக வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பூத்திருந்தது. ஜாடியின் வயிற்றில் அவரே எழுதி ஒட்டிய சீட்டு: 'ஈரக் கரண்டி போடாதீர்கள்.' 'ஈர' என்பதற்குக் கீழே அழுத்தமாகக் கோடு வேறு.

ஆயுசு முழுக்க மருந்துக்கடையில் பாட்டில்களோடு பழகியவர். கடையை விட்ட பிறகு அந்தக் கண்டிப்பு மொத்தமும் ஊறுகாய் ஜாடிக்குக் குடிவந்துவிட்டது.

"நீயே பாரு பாப்பா! ஜாடியை வெந்நீர்ல கழுவினேன், வெயில்ல காயவெச்சேன். தகர மூடின்னா உப்பு அரிச்சிடும்னு கண்ணாடி மூடி வாங்கினேன். மேலே எண்ணெய் மிதக்குற மாதிரி ஊத்தி வெச்சேன். எல்லாம் பண்ணி என்ன பிரயோஜனம்? ஒரு ஈரக் கரண்டி. போச்சு!"

"யாருப்பா போட்டது?"

"நான்தான்," என்றாள் மருமகள், அடுப்பிலிருந்து திரும்பாமலே.

தப்பு செய்தவள் குரல் மாதிரியே இல்லை அது. மகளுக்குச் சுருக்கென்றது.

"சீட்டு ஒட்டியிருக்கே, கண்ணுல படலையா அண்ணி?"

"படாம என்ன? நல்லாப் பெருசாத்தான் எழுதியிருக்கார் மாமா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, போட்டுட்டேன். ஊறுகாய்தானே கெட்டுது, ஊரா கெட்டுது?"

அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

"கேட்டியா? எப்பக் கேட்டாலும் இதே பதில்தான். பயமும் இல்லை, பக்குவமும் இல்லை. பாப்பா, நான் முடிவு பண்ணிட்டேன். உன்கூடவே வந்துடறேன். அங்கேயாவது ஒரு ஜாடி உருப்படியா இருக்கட்டும்."

"இன்னைக்கே வாங்கப்பா. போய்த் துணிமணியை எடுத்து வைங்க."

அவர் விடுவிடுவென்று தன் அறைக்குப் போனார். மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பினாள்.

"வயசானவர் மனசு எவ்வளவு நோகுது! ஒரு மன்னிப்புக் கேட்டா குறைஞ்சா போயிடுவீங்க?"

"கேட்க மாட்டேன்."

"என்ன திமிர் அண்ணி உங்களுக்கு!"

"திமிர்னே வெச்சுக்கோ. ஆனா மாமாவை அனுப்ப மாட்டேன்."

"அவர் என் அப்பா!"

"இருக்கட்டுமே. அனுப்ப மாட்டேன்னா மாட்டேன்."

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இங்கே வைத்து வதைப்பாளாம், போகவும் விடமாட்டாளாம். அண்ணன் வரட்டும், இரண்டில் ஒன்று பார்த்துவிட வேண்டியதுதான்.

அதற்குள் அப்பாவே திரும்பி வந்தார்.

"புதுசாப் போட்ட ஜாடியை நானே கையோட எடுத்துட்டு வர்றேன். உங்களை நம்பி விட்டா உருப்படாது. இரு, உப்பு பிடிச்சிருக்கான்னு பார்த்துடறேன்."

கரண்டியை எடுத்தார். தூசி இருக்குமாம், குழாயடியில் நன்றாகக் கழுவினார். அப்படியே, தண்ணீர் சொட்டச் சொட்ட, புது ஜாடிக்குள் விட்டார்.

"அப்பா, கரண்..."

மருமகளின் கை மகளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது.

அவர் உள்ளங்கையில் ஒரு துண்டை வைத்து நக்கிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். மூடியைத் திருத்தமாக வைத்து, மேலே துணி கட்டி, ஜாடியின் வெளிப்பக்கத்தைப் பளபளவென்று துடைத்தார்.

"இதுக்குப் பேர்தான் பக்குவம்," என்று சொல்லிவிட்டுப் பையை எடுக்கப் போனார்.

மகள் அண்ணியின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி... அப்பாதானா?"

"கொஞ்ச நாளா நிறைய மறக்குதும்மா. டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை குடுத்துட்டுதான் இருக்கோம். உனக்கு நேர்ல பார்த்துச் சொல்லலாம்னு இருந்தேன்."

"அவர்கிட்டயே பக்குவமாச் சொல்லியிருக்கலாமே? எதுக்கு நீங்க திட்டு வாங்கறீங்க?"

"முதல் தடவை சொன்னேனே. 'நீங்கதான் மாமா போட்டீங்க'ன்னு. கத்துவார்னு பார்த்தேன். கத்தலை. ரூம்ல போய் உட்கார்ந்து தன் கையையே பார்த்துட்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டும் வரலை. என்னால அதை இன்னொரு தடவை பார்க்க முடியாது."

"சரி, போட்டது நான்தான்னு சொல்லிட்டு ஒரு மன்னிப்பும் கேட்டுடலாமே. எதுக்கு இந்த எகத்தாளம்?"

"பாவமா நின்னா பரிதாபப்பட்டுத் திட்டறதை நிறுத்திடுவார். நிறுத்தினா, நிஜமா யார் போட்டதுன்னு யோசிக்க ஆரம்பிச்சிடுவார். திமிரா நின்னாத்தான் என்மேலயே குறியா இருப்பார். இருந்துட்டுப் போகட்டும்." மருமகள் அடுப்பை அணைத்தாள். "உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறே. அங்கே முதல் ஜாடி கெடும்போது யார்மேல பழி போடுவார், சொல்லு?"

மகள் புது ஜாடியை எட்டி எடுத்து ஓரமாக வைத்தாள்.

அப்பா பையோடு வந்து நின்றார். உற்சாகமாக இருந்தார்.

"கிளம்பலாமா பாப்பா? உன் வீட்டுல கரண்டியெல்லாம் நல்லாத் துடைச்சுக் காயவெச்சுத்தானே ஊறுகாய் எடுப்பே?"

மகள் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"கரண்டியா? என் வீட்டுல அதெல்லாம் யாருப்பா தேடறது? கை கழுவின ஈரத்தோட கையை அப்படியே ஜாடிக்குள்ளே விட்டுடுவேன். இஷ்டம்னா வாங்க!"