முனிராஜ் திட்டிய திட்டு

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு தலைகீழ் ஆட்டம்? நாளைக்கு எவன் கட்டுவான்? சந்துல தலைகாட்ட முடியுதா?"

திரையில் முனிராஜ் கத்தினார். கத்தியதோடு விடாமல் ஸ்பீக்கரை ஓர் உதை உதைத்தார். மகள் மகா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

ஸ்ரீராம்புரம் சங்கத்து ஹாலில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் "ச்சீ!" என்றார்கள்.

அதுவரைக்கும் படம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. உலகம் முழுக்க பிரேக் டான்ஸ் ஆடும் பிள்ளைகளைப் பற்றிய டாக்குமெண்டரி. கொரியாவில் ஒரு பையன் தலையை ஊன்றிப் பம்பரமாய்ச் சுற்றினான். செனகலில் கடற்கரை மணலில் கரணம் அடித்தார்கள். அப்புறம் பார்த்தால் நம்ம சந்து, நம்ம தண்ணிக் குழாய், நம்ம மகா! விசில் பறந்தது. ஒற்றைக் கையைத் தரையில் ஊன்றி, இரண்டு காலையும் மேலே வீசி அப்படியே நின்றாளே பார்க்கணும். "சூப்பர் குரு!" என்று ஒருத்தன் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான்.

அடுத்த காட்சியில் வந்தார் அப்பா. கெடுத்தார் காரியத்தை.

"பாருங்கடி இந்தாளை! வாயில விரலை வெச்சாக்கூட கடிக்கத் தெரியாதவன் மாதிரி இருப்பான்" என்றாள் யசோதா. அந்தச் சந்துக்கே அவள் பெரியக்கா. குழாயடியில் அவள் சொன்னால் சொன்னதுதான்.

பக்கத்தில் முனிராஜின் மனைவி வீணா, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் கொண்டிருந்தாள்.

"அழாதடி வீணா. இந்தாளைக் கட்டிக்கிட்டு எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ!"

வீணா இன்னும் அதிகமாகக் குலுங்கினாள்.

படம் முடிந்ததும் டைரக்டர் ரித்விக் மேடை ஏறினான். இந்திராநகர் பையன். கன்னடம், இங்கிலீஷ், தமிழ் மூன்றையும் கலந்துகட்டிப் பேசினான்.

"ஸ்வல்ப அமைதி ப்ளீஸ்! யார் யாரோட கதை இந்தப் படத்துல வந்திருக்கோ, அவங்க எல்லாரையும் பிரான்ஸ்ல நடக்கிற போட்டிக்கு எங்க செலவுலயே கூட்டிட்டுப் போறோம். இங்கேருந்து மகா! வீட்ல இவ்வளவு எதிர்ப்பு இருந்தும் விடல பாருங்க, அதான் இவளோட கதை!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. யசோதா ஓடிப்போய் மகாவைக் கட்டிக்கொண்டாள். கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"என் ராஜாத்தி! அப்பன் கிடக்கிறான் விடு. நாங்க இருக்கோம்டி உனக்கு!"

"அக்கா, அப்பா அப்படி இல்லக்கா..." என்று மகா ஆரம்பித்தாள். கடைசி வரிசையில் நின்ற முனிராஜ், வேண்டாம் என்று தலையை ஆட்டினார். மகா வாயை மூடிக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

யசோதாவுக்கு இது போதாதா? விடுவிடுவென்று அவரிடம் போனாள்.

"யோவ் முனிராஜு! இங்கயும் வந்து பிள்ளையை மிரட்டுறியா? மனுஷனாய்யா நீ?"

"விடுங்கக்கா."

"எதுக்கு விடணும்? உலகமே கை தட்டுது, நீ ஸ்பீக்கரை உதைக்கிற. எனக்கே எவ்ளோ பேஜாரா இருக்குது தெரியுமா? எந்தக் காலத்துலய்யா இருக்க?"

சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். முனிராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார்.

வீணாவுக்குப் பொறுக்கவில்லை. யசோதாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வராந்தாவுக்கு வந்தாள். முனிராஜும் பின்னாலேயே வந்தார். அப்போதுதான் யசோதா பார்த்தாள். வீணா அழவே இல்லை. சிரித்துச் சிரித்துத்தான் கண்ணில் தண்ணி.

"அக்கா, இந்த மனுஷனுக்குத் திட்டவே தெரியாது. அந்த ஸ்பீக்கரே இவரு வாங்கிக் குடுத்ததுதான். தரைக்கு பாலிஷ் போடற வேலைக்குப் போறாரில்ல, லீவு நாள்லயும் மொட்டைமாடியில உட்கார்ந்து பாலிஷ் போட்டாரு. மகாவுக்குக் கை வழுக்கிச் சுத்தணுமாம்!"

"அப்ப படத்துல?"

முனிராஜ் ஹால் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மெதுவாக்கா. டைரக்டர் காதுல விழுந்தா மகாவோட பிரான்ஸ் சான்ஸ் போயிடும். வீட்ல எதிர்ப்பு உண்டான்னு அவர் கேட்டிருக்காரு. மகா இல்லைன்னுட்டா. 'அப்ப கதையே இல்லையே, கூட்டத்தோட ஒரு ஷாட் வெச்சுக்கலாம்'னு சொல்லிட்டாராம். பிள்ளை வீட்டுக்கு வந்து சோறே தொடலக்கா. அதான், மறுநாள் கேமரா வந்ததும் உள்ள புகுந்து கத்திட்டேன்."

"அதுக்காக இப்படியா? ஊரே உன்னைக் காறித் துப்புதேய்யா!"

"துப்பட்டும்க்கா. பிள்ளை பிளேன் ஏறட்டும்."

இந்த ஆளைப்போய் என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று யசோதாவுக்கு வெட்கமாக இருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இருந்தாலும் என்னமா நடிச்ச! நிஜம்னே நம்பிட்டோம். திட்டத் தெரியாத ஆளுக்கு அவ்வளவு பேச்சு எங்கேருந்துய்யா வந்துச்சு?" என்றாள்.

முனிராஜ் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலக்கா. மகா ஆட ஆரம்பிச்ச புதுசுல நீங்க வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னீங்களே... அதையே அப்படியே சொல்லிட்டேன்."