ஆளுக்கொரு செங்கல்

"வர்ற நாடகத்துல ராணி வேஷம் எனக்குத்தான் வேணும் சார்."

"எதை வேணா கேளு. அந்தக் கொட்டகையில போய் வேஷம் மட்டும் கேக்காதே." போன மாதம் கண்ணை மூடும்வரை அம்மா சொன்னது இது. காரணத்தையும் சொல்லிவிட்டுத்தான் போனாள். இருந்தும் ரத்னா வேஷம் கேட்டுவிட்டாள்.

சபா செக்ரெட்டரி முனிகிருஷ்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார்.

"ஆர்மோனியம் தேசப்பன் பொண்ணுதானே நீ? பி.ஏ. பட்ச்சிட்டா இன்னா வேணா கேப்பியா? இந்த மேடையில இன்னிவரைக்கும் ஒரு பொம்பள கால் வெச்சதில்ல."

"ராணி பொம்பளதானே சார்?"

"ராணி பொம்பள. நடிக்கிறவன் ஆம்பள. அதாம்மா கலை! அங்க பாரு."

மேடைச் சுவரில் மாலை போட்ட படம். கிரீடமும் அரிதாரமுமாக ஒரு ராணி.

"பச்சையப்பன்! ஆரம்பாக்கத்துலேர்ந்து உங்கப்பன் இட்டாந்த ஆளு. கூண்டு வண்டியில வேஷத்தோடயே வருவாரு, வேஷத்தோடயே போவாரு. அரிதாரம் கலைச்ச மூஞ்சிய நாங்க ஒருத்தரும் பாத்ததில்ல. அப்படி ஒரு தொழில் பக்தி! கீத்துக் கொட்டாய் எரிஞ்சப்போ சாம்பல் மேலயே நின்னு ஆடினாரு. டிக்கெட்டுக்குப் பதிலா ஆளுக்கொரு செங்கல்னோம். பழவேற்காட்டு மீன்காரங்க படகுல ஏத்திக்கினு வந்தாங்க. இந்தச் செவுரு மொத்தமும் அவரைப் பாக்க வந்த செங்கல்தான்."

ரத்னா சுவரைத் தொட்டாள். ஒரு கல் போல இன்னொரு கல் இல்லை. சிவப்பு, கறுப்பு, பாதி வெந்தது. ஒன்றில் யாருடைய விரல் தடமோ பதிந்திருந்தது. கோபத்தையும் மீறி அவளுக்குச் சிலிர்த்தது.

"அவர மாதிரி அழ எந்தப் பொம்பளைக்கு வரும் சொல்லு?" முனிகிருஷ்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ பொறந்த வருஷந்தான்னு நெனைக்கிறேன், திடீர்னு நின்னுட்டாரு. ஏன்னு கேட்டதுக்கு உங்கப்பன் வாயே தெறக்கல."

"அப்போ எனக்கு வேஷம் இல்ல?"

"பொம்பள ஏறினா மேடைக்குத் தீட்டும்மா. புதுசு புதுசா கம்பெனி வருது, டைப்பிஸ்ட் வேலைக்குப் போயேன்."

ரத்னா செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் ஏறினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் படத்தைக் கழற்றினாள். முந்தானையால் தூசியைத் துடைத்து, மார்போடு அணைத்தபடி இறங்கி நடந்தாள்.

"அடிப்பாவி! சபா சொத்து அது! எங்க எடுத்துக்கினு போற?"

வாசலைத் தாண்டும்போதும் அவள் நிற்கவில்லை.

"ஊட்டுக்கு. எங்கம்மாவுக்கு வேற போட்டோ கிடையாது சார்."